விண்டோஸுக்கு எழுதியதை லினக்ஸில் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பழைய லேப்டாப்களைச் சரிசெய்து விற்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினோடு கடைக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் பக்கமிருந்து வரும் நம் ஆட்கள் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்தான்: "அண்ணா, லினக்ஸ் போட்டுக் குடுங்க, ஆனா என்னோட அந்த ஒரு சாஃப்ட்வேர் மட்டும் ஓடணும்." லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அந்த 'ஒன்று' ஆளுக்கு ஆள் மாறும். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விண்டோஸ் நிரல் லினக்ஸில் ஏன் அப்படியே ஓடுவதில்லை? பிராசஸர் ஒன்றுதானே?

பிராசஸர் ஒன்றுதான். கூட்டு, கழி, இதை நினைவகத்தில் வை என்று நிரல் சொல்வதெல்லாம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஆனால் எந்த நிரலும் தனியாக நிற்பதில்லை. ஒரு கோப்பைத் திறக்க, திரையில் ஒரு ஜன்னல் வரைய, ஸ்பீக்கரில் ஒலி கொடுக்க, ஒவ்வொன்றுக்கும் அது இயங்குதளத்திடம் கேட்டாக வேண்டும். விண்டோஸில் அப்படிக் கேட்பதற்குச் சில பெயர்கள் உண்டு, லினக்ஸில் வேறு பெயர்கள். நிரல் 'கோப்பைத் திற' என்று விண்டோஸ் பாணியில் கூப்பிடுகிறது. லினக்ஸில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அதோடு, ஓடக்கூடிய கோப்பின் கட்டமைப்பே இரண்டிலும் வேறு. லினக்ஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எனக்கானதல்ல என்று திருப்பி வைத்துவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு நிரல் ஓடுமா ஓடாதா என்று என்னிடம் கேட்டால், அது விண்டோஸில் எதன் மேல் சாய்ந்து நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஒயின் என்கிறார்களே, அது எமுலேட்டரா?

இல்லை. எமுலேட்டர் என்றால் ஒரு மெஷினையே மென்பொருளில் நடித்துக் காட்டுவது. ஒயின் அப்படிச் செய்வதில்லை. விண்டோஸ் நிரலை நினைவகத்தில் ஏற்றி, அதன் கட்டளைகளை நேராக உங்கள் பிராசஸரிலேயே ஓடவிடுகிறது. நிரல் விண்டோஸைக் கூப்பிடும் இடங்களில் மட்டும் நடுவில் நின்று, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்கிறது. சிக்பேட்டையில் கன்னடம் மட்டும் தெரிந்த கடைக்காரருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்கும் நடுவில் நின்று பேரம் பேசிக் கொடுக்கும் பையனைப் பார்த்திருப்பீர்கள். சேலையை நெய்வது அவனில்லை, பணம் கொடுப்பதும் அவனில்லை. ஒயினின் வேலையும் அவ்வளவுதான்.

இந்தத் திட்டம் 1993-இல் தொடங்கியது. அப்போது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களை ஓட்டுவதுதான் நோக்கம். தொடங்கியவர் பாப் ஆம்ஸ்டாட். 1994-இலிருந்து அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையில் நடக்கிறது. 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில், அதாவது பதினைந்து வருட உழைப்புக்குப் பிறகு. விண்டோஸின் மூல நிரல் கையில் இல்லாமல், ஒவ்வொரு அழைப்புக்கும் அது என்ன பதில் தருகிறது என்று வெளியிலிருந்து சோதித்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். பிழையான பதில் வருகிற இடத்தில் அதே பிழையையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஏதோ ஒரு பழைய நிரல் அந்தப் பிழையை நம்பியிருக்கும். இந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இது சட்டப்படி சரியா?

சரிதான். ஒயின் கட்டற்ற மென்பொருள். அதில் மைக்ரோசாஃப்டின் நிரல் எதுவும் கிடையாது. தனியாக எழுதப்பட்ட ஒரு நிரல் இன்னொன்றோடு சேர்ந்து இயங்கத் தேவைப்படும் தகவலைப் பெறுவதற்கு நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே இடம் தருகிறது. ஆனால் நீங்கள் ஓட்டும் நிரலுக்கு உரிமம் வேண்டும். திருட்டுப் பிரதி எங்கே ஓடினாலும் திருட்டுப் பிரதிதான்.

எங்கிருந்து தொடங்குவது?

விளையாட்டு என்றால் ஸ்டீம், அதாவது விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை. மற்ற நிரல்கள் என்றால், ஒயினை வைத்து நிரல்களை ஓட்டித் தரும் பாட்டில்ஸ் அல்லது லூட்ரிஸ். இரண்டும் இலவசம். லினக்ஸின் மென்பொருள் கடையில் தேடினாலே கிடைக்கும். ஒயினை நேரடியாக நிறுவியும் ஓட்டலாம். ஆனால் பத்து நிரலையும் ஒரே இடத்தில் கொட்டினால் ஒன்றுக்காகப் போட்ட துணைக் கோப்புகள் இன்னொன்றைக் கெடுக்கும். பாட்டில்ஸில் ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் 'பாட்டில்' வைத்துக்கொள்ளலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் போதும்.

ஸ்டீமில் வாங்கிய விண்டோஸ் விளையாட்டுகள் ஓடுமா?

பெரும்பாலானவை ஓடும். ஐந்தாறு வருடம் முன்பு இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இதற்குக் காரணம் புரோட்டான். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், ஒயினை வளர்க்கும் கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒயினை எடுத்து, விளையாட்டுகளுக்கென்று செப்பனிட்டு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. தொடக்கத்தில் 27 விளையாட்டுகளைத்தான் சோதித்துப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி வந்தது. அது லினக்ஸில் ஓடுகிறது, விண்டோஸ் விளையாட்டுகளை புரோட்டான் வழியாகத்தான் ஓட்டுகிறது. தன் பொருள் விற்க வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் வால்வ் இதில் நிறையப் பணமும் ஆட்களும் போட்டது. அந்தப் பலன் நம் பழைய லேப்டாப்புக்கும் சேர்ந்தே கிடைக்கிறது.

புரோட்டானுக்குள் இருக்கும் ஒரு பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரைய டைரக்ட்3டி என்ற மொழியில் பேசும். லினக்ஸில் அது கிடையாது. அதை வல்கன் என்ற பொது வரைகலை மொழிக்கு மாற்றித் தருவது டி.எக்ஸ்.வி.கே. ஃபிலிப் ரெபோலே என்பவர் நியர் ஆட்டோமேட்டா விளையாட்டைத் தன் லினக்ஸ் கணினியில் விளையாட வேண்டும் என்ற ஆசையில் எழுத ஆரம்பித்தது இது. ஒருவருடைய ஆசை இன்று லட்சக்கணக்கானோர் திரையில் ஓடுகிறது.

செய்ய வேண்டியது சுலபம். ஸ்டீமில் விளையாட்டின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி பகுதியில் ஒரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று ஒத்துவரவில்லை என்றால் அதற்கு முந்தையதைப் போட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன்னால் புரோட்டான்டிபி தளத்தில் அந்த விளையாட்டைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்ட் என்று இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 'போர்க்ட்' என்று இருந்தால் காசை மிச்சப்படுத்துங்கள். வெறும் பட்டத்தைப் பார்க்காமல், உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நாலு வரி படியுங்கள்.

விளையாட்டைத் திறந்ததும் கறுப்புத் திரை வந்து மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

போன மாதம் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு தம்பி இதே புகாரோடு வந்தான். ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம். விளையாட்டு 2010-க்கு முந்தையது, ஓடாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. அவன் மூன்று தடவை லினக்ஸையே அழித்துப் போட்டிருக்கிறான். நான் ஸ்டீமை டெர்மினலிலிருந்து, அதாவது கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் ஜன்னலிலிருந்து திறந்து, விளையாட்டைக் கிளிக் செய்து, ஓடிய வரிகளைப் பார்த்தேன். வல்கன் கருவி எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. ஆனால் வல்கன் டிரைவர் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: இருந்தது 64 பிட் டிரைவர் மட்டும், விளையாட்டோ 32 பிட். லினக்ஸின் வரைகலை டிரைவர் தொகுப்பான மேசாவிலிருந்து வல்கன் டிரைவரின் 32 பிட் பொதியைப் போட்டதும் அடுத்த கிளிக்கில் திறந்துகொண்டது. மொத்தம் பத்து நிமிஷம்.

ஆகவே லினக்ஸை அழிக்காதீர்கள். டெர்மினலில் ஓட்டி, கடைசி இருபது வரியைப் படியுங்கள். பார்க்க வேண்டிய மற்றவை:

கிராஃபிக்ஸ் எவ்வளவு பழையது? டி.எக்ஸ்.வி.கே.-யின் இப்போதைய பதிப்புகளுக்கு வல்கன் 1.3 தேவை. இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ஆறாம் தலைமுறை முதல் கவலையில்லை. நாலாம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் என்றால் வல்கனைத் தவிர்த்துவிட்டு ஓப்பன்ஜிஎல் என்ற பழைய வரைகலை மொழி வழியாக ஒயினை ஓட்ட வேண்டும். பழைய விளையாட்டுகளுக்கு அது தாராளம். எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே ஆறாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

விளையாட்டு எந்த டிரைவில் இருக்கிறது? விண்டோஸ் பார்ட்டிஷனில் இருக்கும் ஸ்டீம் கோப்புறையையே லினக்ஸிலும் காட்டுவது பலரும் செய்வது. அது என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் கோப்பு அமைப்பு. புரோட்டான் உருவாக்கும் சில கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி வரும், அங்கே அது தகராறு செய்யும். விளையாட்டை லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றிவிடுங்கள்.

வாலரண்ட் விளையாட முடியுமா?

முடியாது. அதன் வான்கார்டு என்ற மோசடித் தடுப்பு நிரல் விண்டோஸின் கருவுக்குள்ளேயே (கெர்னல்) உட்காருகிறது. ஒயினில் விண்டோஸ் கரு என்று ஒன்றே கிடையாது. ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் இல்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் கொஞ்ச காலம் ஓடியது, 2024 அக்டோபர் கடைசியில் நிறுத்திவிட்டார்கள்.

ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ என்ற மோசடித் தடுப்பு நிரல்கள் இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அந்தக் கதவைத் திறந்துவைப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஏதோ ஒரு தந்திரத்தால் ஏமாற்றி உள்ளே போகலாம் என்று வீடியோக்கள் வரும். நம்பாதீர்கள், கணக்கு முடங்கிவிடும். இந்த விளையாட்டுகள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைத்தான் நேராகச் சொல்கிறேன்.

பேஜ்மேக்கரில் செய்த பழைய தமிழ் ஃபைல்கள் இருக்கின்றன. லினக்ஸில் திறக்க முடியுமா?

முடியும். நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்ரீராமபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அக்கா. அவருடைய அப்பா காலத்திலிருந்தே சேர்ந்த ஃபைல்கள். பத்திரிகை, காதுகுத்து, கருமாதிக் கார்டு, கூழ் ஊற்றும் திருவிழா நோட்டீஸ். எல்லாம் பக்கங்களை வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இல் செய்தவை. அந்த வரிசையில் கடைசியாக 2001-இல் வந்த பதிப்பு அது. அவருடைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் போர்டு போய்விட்டது. தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் காத்திருந்தது.

அவரிடம் மூலக் குறுந்தகடு இருந்தது. தனிப் பாட்டில் ஒன்று உருவாக்கி, 32 பிட் என்று வைத்து, பேஜ்மேக்கரை நிறுவினோம். சிக்கலில்லாமல் ஏறியது. ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தால் பூ பார்டர் இருக்கிறது, பிள்ளையார் இருக்கிறார், கீழே முழுக்க ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக. அக்கா முகம் வாடிவிட்டது.

ஆனால் ஃபைல் கெடவில்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தமிழ் யூனிகோடில், அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறையில், இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் பல்லைக் காட்டும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கேபிள் போட்டு இணைத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதை எடுத்து, பாட்டிலின் சி டிரைவில் அதே இடத்தில் ஒட்டினேன். மூடித் திறந்ததும் 'நிகழும் மங்களகரமான' என்று முதல் வரி கறுகறுவென்று வந்து நின்றது. அக்கா அந்த வரியை வாய்விட்டுப் படித்தார்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. யூனிகோடு தமிழில் 'கொ' எழுத வேண்டுமானால் கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு என்று மென்பொருள் கோத்துக் கொடுக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் கொம்பு, க, கால் என்று தனித்தனி வடிவங்களாக வரிசையில் கிடக்கின்றன, கோக்கும் வேலையே இல்லை. அதனால் பேஜ்மேக்கர் காலத்துத் தமிழ் ஒயினில் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வருகிறது. கன்னடத்துப் பழைய நுடி எழுத்துருவில் செய்த ஃபைல்களுக்கும் இதே வழிதான்.

அச்சுக்கு அனுப்புவதும் நன்றாகவே நடந்தது. பேஜ்மேக்கருக்கு, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுப் பக்க மொழி தெரிந்த பிரிண்டர் பிடிக்கும். ஒயின் அச்சுக்கு அனுப்புவதே போஸ்ட்ஸ்கிரிப்டாகத்தான். லினக்ஸில் பி.டி.எஃப். பிரிண்டர் ஒன்று போட்டதும் அது பேஜ்மேக்கரின் பட்டியலில் தெரிந்தது. ஆனாலும் முதல் தாளை எடுத்துப் பழைய அச்சோடு வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மாமன்மார் பெயர் வரிசை ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. எழுத்துருவின் வேறு பதிப்பு ஒன்று ஏற்கெனவே லினக்ஸில் இருந்ததுதான் காரணம். அதை நீக்கியதும் சரியாகிவிட்டது.

யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாக வருகிறதே?

எழுத்துரு இல்லை என்று அர்த்தம். லினக்ஸில் லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்கள், ஒயின் நிரல்களும் அதை எடுத்துக்கொள்ளும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற லினக்ஸ் உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு. விண்டோஸுக்கான விசைப்பலகை மென்பொருளை ஒயினில் போட்டால் அது ஒயினுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், பிரவுசரில் வராது.

டேலி?

டேலி என்ற கணக்கு மென்பொருள் நம்ம பெங்களூர் நிறுவனத்துடையது, ஆனால் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஒயினில் திறந்து பார்க்கலாம். வியாபாரக் கணக்கை அதில் வைத்து நடத்தச் சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி கட்டும் கடைசி நாள் சாயங்காலம் அது திறக்க மறுத்தால் யாரிடம் போவீர்கள்? கணக்கு, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பயோமெட்ரிக் கருவி, இதெல்லாம் (அடுத்த கேள்வியில் சொல்லும்) விர்ச்சுவல் மெஷினுக்குள் உண்மையான விண்டோஸில் இருக்கட்டும். குறிப்பாக யூ.எஸ்.பி. டோக்கன்கள் விண்டோஸ் டிரைவரின் மேல் சாய்ந்தவை, ஒயினில் அந்த டிரைவர் ஏறாது. தயாரிப்பாளர் லினக்ஸ் டிரைவர் தருகிறாரா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் தருகின்றன.

விர்ச்சுவல் மெஷின், ஒயின், எதை எப்போது?

விர்ச்சுவல் மெஷினில் முழு விண்டோஸ் ஒரு ஜன்னலுக்குள் ஓடும். பொருந்துமா என்ற பிரச்சினையே கிடையாது, ஆனால் விண்டோஸ் உரிமம் வேண்டும், எட்டு ஜிபிக்குக் குறைந்த ரேமில் மூச்சு வாங்கும், முப்பரிமாண விளையாட்டுக்கு லாயக்கில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் பழகச் சுலபம். க்னோம் பாக்ஸஸ் இன்னும் சுலபம். ஆன்லைன் தேர்வுக்கான கண்காணிப்பு மென்பொருளை மட்டும் இதில் போடாதீர்கள். விர்ச்சுவல் மெஷின் என்று கண்டுபிடித்தால் தேர்வே போய்விடும். அன்றைக்கு ஒரு விண்டோஸ் லேப்டாப் கடன் வாங்கிவிடுங்கள்.

ஃபோட்டோஷாப், எம்.எஸ். ஆஃபீஸ்?

ஃபோட்டோஷாப் சி.எஸ்.6 மாதிரியான பழைய பதிப்புகள் பரவாயில்லாமல் ஓடுகின்றன. சந்தா கட்டி லாகின் செய்யும் புதியவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆஃபீஸுக்கு லிப்ரேஆஃபீஸ் பழகிக்கொள்ளுங்கள், அல்லது பிரவுசரில் வரும் பதிப்பு.

ஒயின் இருந்தால் விண்டோஸ் வைரஸ் வருமா?

வரும். ஒயின் பாதுகாப்புக் கூண்டு அல்ல. ஒயினுக்குள் இசட் டிரைவ் என்று தெரிவது உங்கள் லினக்ஸ் முழுவதும்தான். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலை ஓட்டினால் உங்கள் குழந்தையின் போட்டோக்களையும் அது பூட்டும். கிராக் செய்த பிரதிகளைப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். பாட்டில்ஸை ஃபிளாட்பேக் என்ற, நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பொதி வடிவில் போட்டால் அதற்கு எட்டும் இடம் குறையும். எந்த அமைப்பிலும் ஒயினை ரூட் பயனராக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டாதீர்கள்.

சின்ன வயசில் விளையாடிய டாஸ் விளையாட்டுகள்?

அதற்கு ஒயின் வேண்டாம், டாஸ்பாக்ஸ் போதும். இது உண்மையிலேயே எமுலேட்டர், பழைய மெஷினை அப்படியே நடிக்கும். டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா எல்லாம் ஓடும். வேகமாக ஓடினால் சைக்கிள்ஸ் எண்ணைக் குறையுங்கள்.

விண்டோஸ் 3.1 காலத்து நிரல்கள் பற்றி ஒன்று. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது, விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். ஆனால் லினக்ஸில் ஒயின் அவற்றை இன்னமும் ஓட்டுகிறது. தொண்ணூறுகளில் வாங்கிய ஜாதகக் கணிப்பு மென்பொருள் ஒன்றை இப்படித்தான் ஒரு தாத்தாவுக்கு மீட்டுக் கொடுத்தேன்.

மேக்கில்? போனில்?

புதிய மேக்குகளில் பிராசஸரே வேறு. ஆப்பிளின் ரொசெட்டா 2 பிராசஸர் கட்டளைகளை மாற்றும், அதன் மேல் ஒயின் நின்று விண்டோஸ் அழைப்புகளை மாற்றும். கோட்வீவர்ஸ் விற்கும் ஒயின் பதிப்பான கிராஸ்ஓவர் காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் ஒழுங்காக ஓடும். அந்தக் காசில் ஒயினின் வளர்ச்சியும் நடக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வின்லேட்டர் இதே வேலையைச் செய்கிறது. போன் சூடாகும், பழைய சின்ன விளையாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபக்கமாக, ஆண்ட்ராய்டு ஆப்களை லினக்ஸில் ஓட்ட வேடிராய்டு இருக்கிறது. வங்கி ஆப்களை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கஷ்டப்பட்டு ஓட வைத்துவிட்டேன். இதை அப்படியே பத்திரப்படுத்த முடியுமா?

முடியும், கட்டாயம் செய்யுங்கள். ஒயினின் சி டிரைவ், அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரி, நீங்கள் போட்ட எழுத்துருக்கள் எல்லாமே ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. ஒயினை நேராகப் போட்டிருந்தால் உங்கள் ஹோமில் மறைந்திருக்கும் 'புள்ளி ஒயின்' (.wine) என்ற கோப்புறை. பாட்டில்ஸில் அந்தந்தப் பாட்டிலுக்குத் தனித்தனி. நிரலை மூடிவிட்டு அதைச் சுருக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். நாளைக்கு வேறு லேப்டாப் வாங்கினால் பிரித்து வைத்தால் போதும், பெரும்பாலும் அப்படியே ஓடும். பயனர் பெயரை மட்டும் பழைய மெஷினில் வைத்த அதே பெயராக வையுங்கள், வேலை மிச்சம். ஸ்ரீராமபுரத்து அக்காவுக்கு இப்படி இரண்டு பென் டிரைவ் செய்து கொடுத்தேன். ஒன்று கடை மேசை டிராயரில் இருக்கிறது, இன்னொன்றை வீட்டில் பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.